ஒரு நாளைக்கு எத்தனை ஜன்னல்?

தொழில் கேள்வி–பதில்

ஜன்னல், கண்ணாடி துடைக்கும் வேலையைத் தொழிலாகத் தொடங்க நினைப்பவர்களிடமிருந்து, அதிலும் வடசென்னைப் பக்கமிருந்து, நிறைய கடிதங்கள் வந்திருக்கின்றன. பலருடைய கேள்வியும் ஒன்றேதான்: ஒரு நாளில் எவ்வளவு வேலை பிடிக்கலாம்? ஐந்து கடிதங்களுக்கு இங்கே பதில் சொல்கிறோம்.

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். தனி ஆளாக ஆரம்பிக்கப் போகிறேன். ஒரு ஜன்னலுக்கு 5 நிமிடம், ஒரு வீட்டுக்கு 8 ஜன்னல், ஆக 40 நிமிடம். ஒரு நாளைக்கு ஐந்தாறு ஃப்ளாட் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டு, ஒரு அபார்ட்மென்ட்டில் ஆறு வீட்டுக்கு ஒரே நாளில் வருவதாகச் சொல்லிவிட்டேன். சரிதானே?

பதில்: முதலில் அந்த ஆறு வீட்டுக்கும் போன் செய்து மூன்று நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நாள் குறித்துவிட்டுப் போகாமல் இருப்பதைவிட இப்போதே சொல்லிவிடுவது மேல்.

நீங்கள் சொல்லும் 5 நிமிடம் கண்ணாடிக்கு மட்டும்தான், அதுவும் கை பழகிய பிறகு. நம் ஊர் ஜன்னல் வெறும் கண்ணாடி அல்ல. இரும்பு கிரில், கொசு வலை, ஸ்லைடிங் ஓடும் அலுமினியத் தடம் எல்லாம் சேர்ந்ததுதான் ஒரு ஜன்னல். பல மாதமாகத் துடைக்காத ஒரு ஜன்னலுக்குப் புது ஆள் வைத்துக்கொள்ள வேண்டிய கணக்கு இது: கிரிலைத் துடைக்க 5 நிமிடம், வலையைக் கழற்றித் தூசி தட்டிக் கழுவ 3, தடத்தில் காய்ந்து கிடக்கும் மண்ணைச் சுரண்டி எடுக்க 4, இரண்டு பக்கக் கண்ணாடிக்கு 6. மொத்தம் 18 நிமிடம்.

இரண்டு படுக்கையறை ஃப்ளாட்டில் சாதாரணமாக 7 ஜன்னல் என்று வையுங்கள். 126 நிமிடம். பாத்ரூம் வென்டிலேட்டர் இரண்டு இருக்கும். பட்டைக் கண்ணாடிகளை ஒவ்வொன்றாகத் துடைக்க வேண்டும் என்பதால் ஒன்றுக்கு 8 நிமிடம், ஆக 16. பால்கனிக் கதவுக்கு 20. இதுவே 162 ஆகிவிட்டது. வேலை ஆரம்பிக்கும் முன் திரைச்சீலையை ஒதுக்கி, கட்டிலை நகர்த்தி, தரையில் துணி விரித்து, பக்கெட்டில் தண்ணீர் பிடிக்க 20 நிமிடம். முடிந்ததும் வீட்டுக்காரரிடம் காட்டி, விட்டுப்போன மூலையைச் சரிசெய்து, பணம் வாங்கிக் கிளம்ப 15. ஆக 197 நிமிடம், அதாவது மூன்றேகால் மணி நேரம்.

இப்படி இரண்டு வீடு செய்தால் ஆறரை மணி நேரம். சாப்பாடு, இரண்டு வீட்டுக்கும் நடுவே போக்குவரத்து எல்லாம் சேர்த்தால் எட்டு மணி நேரம் ஓடிவிடும். அதனால் முதல் இரண்டு மாதம் ஒரு நாளைக்கு இரண்டு வீடுதான். மூன்றாவது வீட்டை ஒப்புக்கொண்டால் இரண்டாவது வீட்டின் கடைசி இரண்டு ஜன்னலை அவசரத்தில் கெடுப்பீர்கள். புகார் வருவது பெரும்பாலும் அந்தக் கடைசி ஜன்னல்களிலிருந்துதான்.

அதே வீட்டுக்கு ஒரு மாதமோ இரண்டு மாதமோ கழித்து மறுபடி போகும்போது கதை வேறு. தடத்தில் மண் இருக்காது, கிரிலில் பிசுக்கு இருக்காது. ஜன்னலுக்கு 10 நிமிடம் போதும், வீடு இரண்டு மணி நேரத்தில் முடியும், ஒரு நாளைக்கு மூன்று வீடு தாராளமாக ஆகும். ஆகவே நீங்கள் தேட வேண்டியது புது வீடுகளை மட்டும் அல்ல, மாதாமாதம் கூப்பிடும் வீடுகளை. முதல் தடவைக்கு ஒரு விலை, அடுத்தடுத்த தடவைக்குக் குறைந்த விலை என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

விலையையும் இந்த நிமிடக் கணக்கிலிருந்தே எடுங்கள். ஒரு பேச்சுக்கு, நாளுக்கு 1,500 ரூபாய் கையில் நிற்க வேண்டும், பெட்ரோல், சோப்பு, ரப்பர் தேய்மானம் 200 ரூபாய் என்றால் 1,700. சுமார் 400 நிமிட வேலைக்கு இதைப் பிரித்தால் நிமிடத்துக்கு 4 ரூபாய் 25 காசு. 197 நிமிட வீட்டுக்கு ஏறக்குறைய 840 ரூபாய். இதற்குக் கீழே விலை பேசினால், குறையும் பணத்தை ஈடுகட்ட மூன்றாவது வீட்டுக்கு ஓட வேண்டிவரும்.

போகும் முன் வாட்ஸ்அப்பில் ஒவ்வொரு ஜன்னலையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கிரில் உள்பக்கமா வெளிப்பக்கமா என்று அதில் பாருங்கள். உள்பக்கம் என்றால் உள் கண்ணாடிக்கே கம்பி இடைவெளியில் கையை விட்டுத்தான் வேலை செய்ய வேண்டும். 14 அங்குல ஸ்குவீஜி (கண்ணாடியில் தண்ணீரை வழித்து இழுக்கும் ரப்பர் பட்டை) நுழையாது, 6 அங்குலம்தான் போகும். அந்த ஜன்னலுக்கு 18 நிமிடத்தை 25 ஆக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பெரம்பூரில் நானும் என் கணவரும் சேர்ந்து செய்யலாம் என்றிருக்கிறோம். இரண்டு பேர் என்றால் இரண்டு மடங்கு வேலை முடியுமா?

பதில்: முடியாது அம்மா. தனி ஆளுக்கு இரண்டு வீடு என்றால், நீங்கள் இருவரும் சேர்ந்து மூன்று என்று வையுங்கள். படி ஏறுவது, வழியில் ஆகும் நேரம், வீட்டுக்காரரிடம் பேசுவது இதெல்லாம் ஆள் கூடினாலும் குறையாது. மூன்றேகால் மணி நேர வீடு உங்கள் இருவருக்கு ஒன்றேமுக்கால், இரண்டு மணி நேரம் ஆகும்.

ஒரே ஜன்னலில் இருவரும் நிற்காதீர்கள். ஒருவர் முன்னே போய் வலையைக் கழற்றி, கிரில், தடம் இரண்டையும் முடித்துக்கொண்டே போக வேண்டும். இன்னொருவர் ஒரு ஜன்னல் பின்தங்கி, கண்ணாடியை மட்டும் பார்க்க வேண்டும். தடத்தைச் சுரண்டும்போது மண் தெறிக்கும் என்பதால் இந்த வரிசை மாறவே கூடாது. கண்ணாடி கடைசியில்தான். மதியத்துக்குப் பிறகு வேலையை மாற்றிக்கொள்ளுங்கள். நாள் முழுக்க ஸ்குவீஜி பிடிப்பவருக்கு மணிக்கட்டும் தோளும் வலி எடுத்துவிடும். முதல் மாதம் வாரத்துக்கு ஐந்து நாள் போதும்.

கேள்வி: திருவொற்றியூரில் கடற்கரைக்குப் பக்கத்தில் வேலை எடுக்கிறேன். துடைத்தபோது பளிச்சென்று இருக்கிறது, மறுநாள் காலை வெள்ளைத் திட்டு என்று போன் வருகிறது. திரும்பப் போய்த் துடைத்தே அரை நாள் போகிறது.

பதில்: உங்களுக்கு வருவது இரண்டு விதமான வெள்ளை. இரண்டுக்கும் மருந்து வேறு.

ஒன்று கடல் காற்று கொண்டுவரும் உப்பு. இது தண்ணீரில் கரையும். ஈரத் துணியால் தொட்டதும் போய்விட்டால் அது கடல் உப்பு, உங்கள் வேலையில் குறை இல்லை. கடலுக்கு எதிரே இருக்கும் ஜன்னலில் அது சில நாட்களில் மறுபடி படியத்தான் செய்யும். இதை வேலை பேசும்போதே வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்.

இன்னொன்று போர் தண்ணீரின் கறை. தண்ணீர் காய்ந்ததும் அதிலிருக்கும் சுண்ணாம்புச் சத்து கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். இது தண்ணீரில் போகாது. அந்த வீட்டு போர் தண்ணீரையே பக்கெட்டில் பிடித்துத் துடைத்தால், ஓரத்தில் வடிந்து நின்ற துளிகள் எல்லாம் காலையில் வெள்ளைப் புள்ளியாகும். அதனால் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கிப் பையில் வையுங்கள். குடிநீருக்கு இந்தியத் தரநிலை ஏற்கும் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். இந்த வேலைக்கு 300-க்குக் கீழ் இருப்பது நல்லது. மெட்ரோ வாட்டரையும் அளந்து பாருங்கள், பெரும்பாலும் போரைவிட நன்றாகவே இருக்கும். ஒரு வீட்டுக்கு 15 முதல் 20 லிட்டர் போதும். நல்ல தண்ணீர் இல்லாத வீட்டுக்கு வண்டியில் ஒரு கேன் எடுத்துப் போங்கள். அதில் ஆகும் செலவு, திரும்பப் போகும் ஒரு தடவைக்கான பெட்ரோலைவிடக் குறைவுதான்.

சோப்பு அதிகமானாலும் திட்டு விழும். 5 லிட்டர் தண்ணீருக்குப் பாத்திரம் கழுவும் லிக்விட் ஒரு டீஸ்பூன், அதற்கு மேல் வேண்டாம். வெயில் நேராக அடிக்கும் கண்ணாடியில் ஸ்குவீஜி இழுக்கும் முன்பே நுரை காய்ந்துவிடும். காலையில் மேற்குப் பார்த்த ஜன்னல்கள், மதியத்துக்கு மேல் கிழக்குப் பார்த்தவை என்று வரிசையை வைத்துக்கொள்ளுங்கள். இழுக்கும் முன் கண்ணாடியின் மேல் விளிம்பில் இரண்டு அங்குலத்தைத் துணியால் உலர்த்திவிட்டு, உலர்ந்த இடத்தில் ரப்பரை வைத்து இழுக்க வேண்டும். ஈரத்தில் வைத்தால் மேலே கோடு விழும். ஒவ்வொரு இழுப்புக்கும் ரப்பரைத் துடைத்து, முந்தைய இழுப்பின் மேல் இரண்டு அங்குலம் ஏற்றி இழுங்கள். கடைசியில் நான்கு ஓரத்தையும் உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் ஒரே தடவை ஒற்றிவிட்டு நகருங்கள். இரண்டாம் தடவை தேய்க்கத் தோன்றும், தேய்க்காதீர்கள். கையில் இருப்பது ஈரத் துணி என்றால் அதுவே கோடு போடும். ஒரு நாளைக்கு எட்டுப் பத்துத் துணியாவது பையில் இருக்க வேண்டும்.

ஏற்கெனவே படிந்த சுண்ணாம்புக் கறைக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 50 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்துப் பூசி, காயவிடாமல் 5 நிமிடம் வைத்து, மென்மையான பேடால் தேய்த்து, நிறைய தண்ணீரில் கழுவுங்கள். கீழே மார்பிள், மொசைக் திண்டு இருந்தால் ஒரு சொட்டுக்கூட படக் கூடாது, அரித்துவிடும். பிளீச்சிங் பவுடர் கலந்த எதோடும் இதைச் சேர்க்காதீர்கள், விஷவாயு வரும். கண்ணாடியின் ஒரு மூலையில் முதலில் பூசிப் பாருங்கள். பத்து நிமிடத்தில் அங்கே போகவில்லை என்றால் கண்ணாடியே அரித்துப்போயிருக்கலாம், குறிப்பாக சன்ஷேடிலிருந்து சிமென்ட் தண்ணீர் வருஷக்கணக்கில் வடிந்த இடங்களில். அது போகாது. அதை வேலை தொடங்கும் முன்பே காட்டிவிடுங்கள், முடித்த பிறகு சொன்னால் சாக்கு மாதிரித்தான் கேட்கும். கறை எடுக்கும் வேலைக்கு ஜன்னலுக்கு 15 நிமிடம் கூடுதல், காசும் கூடுதல்.

இதே கேள்வியை மணலி, எண்ணூர் சாலைகளை ஒட்டிய பகுதியிலிருந்தும் கேட்டிருக்கிறார்கள். அங்கே சிக்கல் உப்பைவிட லாரிப் புழுதியும் புகைப் பிசுக்கும்தான். தண்ணீர் படுவதற்கு முன் மெல்லிய பிரஷால் தூசியைத் தட்டிவிடுங்கள். நேராக ஈரத் துணியைப் போட்டால் தூசி சேறாகும், அதிலிருக்கும் மணல் கண்ணாடியைக் கீறும்.

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு பக்கம் கடைகளின் முகப்புக் கண்ணாடியை வாராவாரம் துடைக்கும் வேலை பிடிக்க நினைக்கிறேன். காலையில் ஒரு மணி நேரத்தில் பத்துக் கடை ஆகுமா?

பதில்: கண்ணாடிக் கணக்கில் பார்த்தால் ஒரு கடையின் வெளிப்பக்கத்துக்கு 8 நிமிடம், பக்கெட்டைத் தூக்கி அடுத்த கடைக்குப் போக 3 நிமிடம், ஒரு மணி நேரத்தில் ஐந்து கடை. ஆனால் உங்களைக் கட்டிப்போடுவது கண்ணாடி அல்ல, ஷட்டர். கடையைத் திறக்கும் வரை கண்ணாடி ஷட்டருக்குப் பின்னால் இருக்கிறது. ஷட்டர் ஏறியதிலிருந்து கூட்டம் வரும் வரை முக்கால் மணி நேரம் கிடைத்தால் அதிகம். எல்லாக் கடையும் ஒரே நேரத்தில் திறந்தால் நான்கு கடைக்கு மேல் ஆகாது.

வழி உண்டு. திறக்கும் நேரம் வேறுபடும் கடைகளாகப் பிடியுங்கள். சீக்கிரம் திறக்கும் பேக்கரி, மருந்துக் கடை முதலில், அடுத்து மூக்குக் கண்ணாடிக் கடை, கிளினிக், கடைசியாகத் துணிக்கடை. இப்படி அடுக்கினால் காலையில் எட்டுக் கடை வரை வரும். எல்லாம் நடந்து போகிற தூரத்தில் இருக்க வேண்டும், வண்டி எடுத்தால் கணக்கு உடைந்துவிடும். மதியத்துக்கு ஒரு வீடு வைத்துக்கொண்டால் நாள் நிறைந்துவிடும்.

தள்ளுபடி ஸ்டிக்கர் உரித்த பசையைத் துடைப்பதை வாராந்திரக் கூலியில் சேர்க்காதீர்கள். ஒரு ஸ்டிக்கருக்கே பத்து நிமிடம் போகும். வெள்ளி, பிரவுன் நிறத்தில் மின்னும் கண்ணாடியிலும் ஃபிலிம் ஒட்டிய கண்ணாடியிலும் பிளேடு வைக்கவே கூடாது. மேல்பூச்சு போனால் கண்ணாடியையே மாற்றித் தர வேண்டிவரும். தண்ணீர் நடைபாதையில் வழிந்தால் உடனே துடையுங்கள், மற்றவர் வழுக்கி விழுவார்கள்.

ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும் முந்தைய வாரங்களில் எல்லாக் கடைகளும் ஒரே நேரத்தில் கூப்பிடும். அந்த வாரத்தில் வாடிக்கைக் கடைகளை முடித்துவிட்டு மிச்ச நேரத்தைத்தான் புதியவர்களுக்குக் கொடுக்க வேண்டும்.

கேள்வி: ராயபுரத்தில் நான்காவது மாடி வீடு. வெளிப்பக்கத்தை சன்ஷேடில் நின்று துடைத்துத் தரச் சொல்கிறார்கள். மழைக்காலத்தில் வேலையே இருக்காது என்றும் சொல்கிறார்களே?

பதில்: சன்ஷேடில் கால் வைக்காதீர்கள். கடலோரத்தில் உப்பு உள்ளே இறங்கிக் கம்பி துருப்பிடித்து, பார்க்க நன்றாக இருக்கும் சன்ஷேடுகூட பாரம் தாங்காமல் போகும். உள்ளே நின்று கை எட்டும் இடம் மட்டும்தான் உங்கள் வேலை. எட்டாத கண்ணாடிக்கு வளையும் தலையுள்ள நீட்டுக் கம்பியைப் பயன்படுத்துங்கள். அதுவும் எட்டாவிட்டால் "அது வராதுங்க" என்று சொல்லி, அதற்கான காசைக் கழித்துக்கொள்ளுங்கள். கயிற்றில் தொங்கும் வேலை அதற்கென்று பயிற்சியும் உபகரணமும் உள்ளவர்களுடையது. ஜன்னலுக்கு வெளியே ஸ்லைடிங் கதவைக் கழற்றி எடுக்கவும் வேண்டாம், கை தவறினால் தெருவில் போகிறவர் மேல் விழும். மின்கம்பி பக்கத்தில் போகும் சந்துகளில் அலுமினியக் கம்பியை நீட்டவே கூடாது.

மழையைப் பொறுத்தவரை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒரு நாளைக்கு ஒரு வீடு மட்டும் உறுதியாகக் குறியுங்கள். இரண்டாவதை "மழை இல்லையென்றால்" என்று சொல்லி வையுங்கள். சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் வழியிலேயே ஒரு மணி நேரம் போய்விடும். அந்த நாட்களில் கடை, கிளினிக்குகளின் உள்பக்கக் கண்ணாடித் தடுப்புகளைப் பிடியுங்கள். போகிக்கு முந்தைய இரண்டு வாரம் வீடுகளிலிருந்து அழைப்பு குவியும், அதற்கான தேதிகளை டிசம்பர் முதல் வாரத்திலேயே வாடிக்கையாளர்களிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.