வாக்கர் வேண்டுமா, மாமனார் ஏன் படியில் தடுமாறுகிறார்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி கைக்குழந்தைகளைப் பற்றி, மீதி வயசானவர்களைப் பற்றி. தனித்தனியாகப் பிரிக்கலாம் என்று நினைத்தேன், ஆனால் படித்துப் பார்த்தால் எல்லாம் ஒரே சங்கதிதான்: உடம்பு மாறும்போதெல்லாம் கண்ணும் காலும் மறுபடி பேசிப் பழக வேண்டியிருக்கிறது. அதனால் சேர்த்தே போடுகிறேன்.

எட்டு மாதப் பாப்பாவுக்கு அம்மாயி வாக்கர் வாங்கி வந்துவிட்டார். மாமியாரோ பரணில் கிடக்கும் மர நடைவண்டி போதும் என்கிறார். யார் பக்கம் நிற்பது? (பெருந்துறை)

மாமியார் பக்கம்தாங்க. ஆனால் நடைவண்டியையும் இப்போதே இறக்க வேண்டாம், பாப்பா எதையாவது பிடித்துத் தானாக எழுந்து நிற்கட்டும், அப்புறம் பார்க்கலாம்.

சீட் வைத்த வாக்கரில் குழந்தை நடப்பதில்லை, தொங்கிக்கொண்டு நுனிக்காலால் தரையை உந்துகிறது. முன்னால் இருக்கும் பலகை அதன் காலை அதுவே பார்க்க விடாமல் மறைத்துவிடுகிறது. நடைவண்டியில் எடையைத் தாங்குவது குழந்தையின் கால், தள்ளுவதும் அதுதான், வண்டி வேகமாக ஓடினால் தடுமாறுவதும் அதுதான்.

1963-ல் ஹெல்ட், ஹெயின் என்ற இருவர் பூனைக்குட்டிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ராட்டினம் மாதிரி ஒரு கருவி. ஒரு குட்டி தானே நடந்து அதைச் சுற்றும், இன்னொன்று மறுமுனையில் கூடையில் உட்கார்ந்து சும்மா சுற்றிவரும். இரண்டும் பார்த்த காட்சி ஒன்றேதான். கடைசியில் நடந்த குட்டி பள்ளத்தைக் கண்டு ஒதுங்கியது, கூடையில் போன குட்டிக்குப் பள்ளம் எது மேடு எது என்றே தெரியவில்லை. அதை அவிழ்த்துவிட்டு நடக்கவிட்ட பிறகுதான் தேறியது. வாக்கரில் உட்காரும் பாப்பா முழுக்க அந்தக் கூடைக்குட்டி என்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்துவிடுகிறது.

விபத்து வேறு இருக்கிறது: படியில் உருளும், அடுப்புப் பக்கம் நொடியில் போய்விடும். கனடாவில் 2004 முதல் இதை விற்கவே தடை. அம்மாயியிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், வாங்கிக் கொடுத்தவர் மனசு நோகக் கூடாது.

ஒன்பது மாதப் பையன். உட்கார்ந்திருக்கும்போது திண்ணை ஓரத்தைத் தாண்டிக் கைநீட்டவே மாட்டான், அவ்வளவு உஷார். தவழ ஆரம்பித்த பிறகு அதே திண்ணையிலிருந்து நேராக விழப் போகிறான். புத்தி பின்னால் போகிறதா? (காங்கேயம்)

வந்ததிலேயே எனக்குப் பிடித்த கேள்வி இதுதான். நீங்கள் பார்த்ததையே நியூயார்க்கில் கேரன் அடால்ஃப் என்ற உளவியலாளர் சோதித்து 2000-ல் எழுதினார். ஒன்பதரை மாதக் குழந்தைகள், நடுவில் இடைவெளி விட்ட மேடை, அந்தப்பக்கம் ஒரு பொம்மை. உட்கார்ந்திருந்தபோது எட்டாது என்று தெரிந்தால் குழந்தை முயற்சியே செய்யவில்லை. அதே குழந்தையைத் தவழும் நிலையில் வைத்தால் அகலமான இடைவெளிக்குள்ளும் தலைகுப்புறப் போனது. தாங்கிப் பிடிக்க ஆள் இருந்தார்கள், பயப்படாதீர்கள்.

ஓரத்தைப் பற்றிய அறிவு என்று தனியாக ஒன்று குழந்தையின் தலைக்குள் இல்லை. இந்த நிலையில், இந்தக் கையோடு, இந்தச் சமநிலையோடு நான் எவ்வளவு தூரம் போகலாம் என்பதுதான் அது கற்றுக்கொள்வது. நிலை மாறினால் கணக்கும் மாறும். டிவிஎஸ் எக்ஸெல் ஓட்டிப் பழகியவர் டிராக்டரில் ஏறினால் எந்தச் சந்தில் நுழையும், எதில் இடிக்கும் என்பது முதல் நாள் பிடிபடாது, கண் என்னவோ பழைய கண்தான். சரிவான பலகையிலும் அடால்ஃப் இதைப் பார்த்தார்: வாரக்கணக்கில் தவழ்ந்து தேறி, செங்குத்தான சரிவைத் தவிர்த்த குழந்தைகள், நடக்க ஆரம்பித்ததும் அதே சரிவில் யோசிக்காமல் இறங்கின.

ஆகவே உங்கள் பையன் நடக்கத் தொடங்கும்போது இன்னொரு முறை இதே கூத்து நடக்கும். திண்ணையில் தனியாக விடாதீர்கள். கீழே பாய், போர்வை, தலையணை என்று ஒரு சாண் உயர வித்தியாசங்களை வைத்து அவனையே ஏறி இறங்க விடுங்கள்.

பாப்பா தவழாமலே நிற்கிறாள். பரவாயில்லையா? (தாராபுரம்)

பரவாயில்லை. உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட ஆய்வில் 4.3% குழந்தைகள் கை, முட்டி ஊன்றித் தவழவே இல்லை. துணையில்லாமல் நடப்பதற்கான கால வரம்பும் அதில் 8.2 மாதம் முதல் 17.6 மாதம் வரை நீள்கிறது. ஒரு பக்கக் கையோ காலோ மட்டும் சோம்பலாக இருந்தால் அல்லது பதினெட்டு மாதமாகியும் நடக்காவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். பக்கத்து வீட்டுப் பாப்பாவோடு ஒப்பிடுவதை மட்டும் விடுங்கள்.

எட்டாவது படிக்கும் பையன், நல்ல கபடி ஆட்டக்காரன், ஆறு மாதமாக எதையாவது தட்டிவிடுகிறான், கதவு நிலையில் இடிக்கிறான். (கோபி)

பேன்ட் கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டதா என்று பாருங்கள். ஏறியிருந்தால் அதுதான் காரணமாக இருக்கும்: காலும் கையும் நீண்டுவிட்டன, பழைய நீளத்துக்குப் போட்ட கணக்கு இன்னும் ஓடுகிறது. திட்டாமல் ஆடவிடுங்கள். நாளுக்கு நாள் மோசமானாலோ தலைவலி, வாந்தி சேர்ந்தாலோ மட்டும் உடனே காட்ட வேண்டும்.

மாமனாருக்கு 74 வயது. தினமும் தோட்டத்துக்குப் போய்வருவார். தூரமும் கிட்டமும் ஒரே கண்ணாடியில் தெரிகிற மாதிரி புதுசு போட்டதிலிருந்து வாசற்படியில் தடுமாறுகிறார். இருட்டில் இன்னும் மோசம். (சென்னிமலை)

அந்தக் கண்ணாடியின் கீழ்ப்பாதி பேப்பர் படிக்க. படி இறங்கும்போது அவர் பார்ப்பது அந்தக் கீழ்ப்பாதி வழியாகத்தான், அதனால் படி ஓரமும் வரப்பும் மங்கிவிடும். நடைக்கு மட்டும் தூரப்பார்வைக் கண்ணாடி தனியாக ஒன்று கேட்டு வாங்குங்கள். ஆஸ்திரேலியாவில் இதைச் சோதித்ததில் அடிக்கடி வெளியே போகிற பெரியவர்களுக்கு விழுவது குறைந்தது. வீட்டோடு இருப்பவர்களுக்கு அந்த மாற்றம் உதவவில்லை, வெளியே போனபோது விழுவது கூடத்தான் செய்தது, எனவே எல்லாப் பெரியவருக்கும் இதே யோசனையைச் சொல்லாதீர்கள்.

இருட்டு விஷயம் வேறு. வயதாக ஆக, பாதம் சொல்லும் செய்தி குறைகிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பும் மந்தமாகிறது, மனிதர் கண்ணை நம்பித்தான் நிற்கிறார். கரண்ட் போனால் அதுவும் போச்சு. படி விளிம்பில் பளிச்சென்று மஞ்சள் பெயின்ட் அடியுங்கள், கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் நடுவே ராத்திரி ஒரு சின்ன விளக்கு எரியட்டும்.

இன்னொன்றைக் கவனியுங்கள்: கூட நடந்துகொண்டே பேச்சுக் கொடுக்கும்போது பதில் சொல்ல நின்றுவிடுகிறாரா? 1997-ல் சுவீடன் ஆய்வொன்றில் அப்படி நிற்கிற முதியவர்களே பின்னாளில் அதிகம் விழுந்தார்கள். நடையே அவர் கவனத்தைத் தின்கிறது என்று அர்த்தம். வரப்பில் போகும்போது பால் கணக்குக் கேட்காதீர்கள்.

எனக்கு 61. ஊரில் வள்ளி கும்மி பழக்குகிறார்கள். இந்த வயதில் கால் வருமா? (பொள்ளாச்சி)

வரும், மெதுவாக வரும். பாட்டைக் கேட்டு, பக்கத்தில் ஆடுகிறவரைப் பார்த்து, அடி மாற்றி, திரும்பி, குனிந்து கைதட்டுவது என்று எல்லாம் ஒரே நேரத்தில் நடப்பதால்தான் இது வெறும் வாக்கிங்கைவிட மேல் என்று நினைக்கிறேன். சமநிலைக்கான பயிற்சிகள் முதியவர்கள் விழுவதைச் சுமார் 24% குறைப்பதாகப் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2019 கணக்கு சொல்கிறது. கும்மியைத் தனியாக அதில் அளக்கவில்லை, ஆனால் எடை மாற்றி நிற்பதும் திரும்புவதும் கும்மியிலும் இருக்கிறது.

முதல் வாரம் ஓரமாக நின்று அடியை மட்டும் போடுங்கள், கைதட்டு பிறகு. முட்டி வலி இருந்தால் குனிகிற அடவில் பாதியோடு நிறுத்திக்கொள்ளலாம், வாத்தியார் ஒன்றும் சொல்ல மாட்டார். புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிக் கட்டுங்கள், தரையில் மணல் கிடந்தால் பெருக்கச் சொல்லிவிட்டு ஆடுங்கள்.