கிளிப் ஒலிக்கிறது, டைம்லைன் மௌனமாகிறது

கேள்வி: ஏபிள்டன் லைவ் என்ற இசையமைப்பு மென்பொருளின் செஷன் வியூவில் சில கிளிப்புகளை (சிறு இசைத் துண்டுகளை) இயக்கிப் பார்த்துவிட்டு, பாடலை டைம்லைனில், அதாவது நேரவரிசையில், அடுக்கும் அரேஞ்ச்மென்ட் வியூவுக்குத் திரும்பினால், அங்கே நான் அடுக்கிவைத்த டிரம்ஸ் மங்கித் தெரிகிறது; ஒலிப்பதும் இல்லை. பதிவு அழிந்துவிட்டதா?

பதில்: அழியவில்லை, அஞ்ச வேண்டாம். இரண்டு வியூக்களும் ஒரே டிராக்குகளையே (ஒலித் தடங்களையே) பகிர்ந்துகொள்கின்றன. ஒரு டிராக் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே ஒலிக்க முடியும் என்பதால், செஷனில் ஒரு கிளிப்பை இயக்கியவுடன் அந்த டிராக் டைம்லைனை விட்டு விலகிவிடுகிறது. கிளிப்பை நிறுத்தினாலும் அது தானாகத் திரும்புவதில்லை. புதியவர்கள் பலரும் குழம்புவது இந்த இடத்தில்தான். மேலே ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும் ‘பேக் டு அரேஞ்ச்மென்ட்’ பொத்தானை அழுத்துங்கள். மங்கிய டிரம்ஸ் மீண்டும் நிறம் பெற்று ஒலிக்கும்.

வியூ மாற டேப் விசை போதும். ஒரு கிளிப்பை மவுஸால் இழுத்துப் பிடித்தபடியே டேப் விசையை அழுத்தினால், அதை டைம்லைனில் வேண்டிய இடத்தில் இறக்கிவிடலாம். ஆனால் பாடலின் முழு வடிவத்தையும் உருவாக்க, மேலுள்ள ‘அரேஞ்ச்மென்ட் ரெக்கார்டு’ பொத்தானை இயக்கிவிட்டு, பல்லவிக்கு ஒரு வரிசை, சரணத்துக்கு ஒரு வரிசை எனக் கிளிப்புகளை வாசித்துச் செல்லும் முறையையே நான் பரிந்துரைப்பேன். நீங்கள் எடுத்த ஒவ்வொரு முடிவும் அப்படியே டைம்லைனில் பதிவாகிவிடுவதால், பிறகு திருத்துவது மட்டுமே மிச்சம்.