வாசகர் கேள்வி பதில்: ஸ்கேன்ல ஒண்ணுமில்லன்னா வலி பொய்யா?

கேள்வி: அக்கா, நான் பவர் டேபிள் டெய்லர், பீஸ் ரேட்டுக்கு தைக்கிறேன். ரெண்டு வருஷமா கழுத்துலேர்ந்து வலது தோள் வரைக்கும் வலி, ராத்திரி தூக்கமே இல்ல. ஸ்கேன்ல பெருசா ஒண்ணும் இல்லையாம், "எல்லாம் டென்ஷன்தான், சைக்காலஜிஸ்ட்ட போம்மா"ன்னு டாக்டர் அனுப்பிட்டாரு. அங்க ஒரு தடவைக்கு ஆயிரம் ரூவா, வாராவாரம் பகல்ல வரணுமாம். வீட்டுல "உனக்கென்ன பைத்தியமா"ன்னு கேக்குறாங்க. என் வலி பொய்யா?
- திருப்பூர் வாசகி

பதில்: பொய் இல்லவே இல்லம்மா. சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020ல வலிக்கான விளக்கத்த திருத்தி எழுதினப்போ, ஒருத்தர் வலிக்குதுன்னு சொன்னா அத மதிக்கணும்னு அதுலயே சேர்த்து வச்சாங்க. மூணு மாசத்துக்கு மேல நீடிக்கிற வலில நரம்பும் மூளையும் வழக்கத்த விட அதிகமா வலிய உணர ஆரம்பிச்சிடலாம், தூக்கம் கெட்டா, பயம் கூடுனா வலியும் கூடும், இதெல்லாம் ஸ்கேன்ல தெரியாது.

அதனால சைக்காலஜிஸ்ட்ட அனுப்பினது தப்பில்ல, அனுப்பின விதம்தான் தப்பு. மனசுக்கான சிகிச்சை உடம்புக்கான சிகிச்சையோட சேர்ந்து வரணும், அத நிறுத்திட்டு பதிலுக்கு குடுக்கறதா இருக்கக் கூடாது. பொம்பளைங்க வலின்னு சொன்னா உணர்ச்சிவசப்படறாங்கன்னு ஒதுக்கறது உலகம் பூரா நடக்குது, 2001லயே அமெரிக்காவுல ரெண்டு பேர் இத ஆராய்ஞ்சு விரிவா எழுதியிருக்காங்க. எனக்கு கோவம் வர்ற இடம் என்னன்னா, மனசுதான் காரணம்னு சொல்லிட்டு அந்த மனசுக்கான சிகிச்சைய கூலிக்காரங்க கைக்கு எட்டாத விலைல, எட்டாத நேரத்துல வைக்கிறாங்க பாருங்க, அதுதான்.

எளிமையா குடுக்க முடியாதான்னா, முடியும். அமெரிக்காவுல அலபாமா மாநிலத்துல பெவர்லி தார்ன்னு ஒரு சைக்காலஜிஸ்ட், வருமானம் கம்மியா இருக்கறவங்க வர்ற கிளினிக்குகள்லயே 290 பேர வச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க, 2018ல வெளியாச்சு. படிப்பு கம்மியானவங்களுக்கும் புரியற மாதிரி பாடத்த மாத்தி, 10 வாரம் குழுவா உக்கார வச்சு சொல்லிக் குடுத்தாங்க. ஒரு குழுவுக்கு எண்ணத்தையும் பழக்கத்தையும் மாத்துற பயிற்சி, இன்னொண்ணுக்கு வலி பத்தின பாடம் மட்டும். வழக்கமான வைத்தியம் மட்டும் பாத்தவங்கள விட ரெண்டு குழுவுக்குமே வலி குறைஞ்சுது. ஏழைங்களுக்கு இதெல்லாம் ஒத்து வராதுன்னு சொல்றவங்களுக்கு இத காட்டணும்.

இப்ப நீங்க என்ன பண்ணலாம்னா, சம்பளத்துல இ.எஸ்.ஐ. பிடிச்சா அங்க காட்டுங்க. இல்லன்னா அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரில மனநல ஓ.பி. இருக்கு, காசு கிடையாது, பிசியோவும் அங்கயே கேளுங்க. வேலைய விட்டு போக முடியாத நாள்ல 14416க்கு போன் பண்ணுங்க, அரசோட மனநல உதவி எண், டெலி மானஸ்னு பேரு, தமிழ்லயே பேசுவாங்க, ராத்திரியும் எடுப்பாங்க. யார்ட்ட போனாலும் "நான் பீஸ் ரேட்டுல தைக்கிறேன், அதுக்கு தகுந்த மாதிரி சொல்லுங்க"ன்னு முதல்லயே சொல்லிடுங்க, ஏன்னா அரை மணிக்கு ஒருக்கா எழுந்து நடங்கன்னா உங்க கூலிதான் போகும், அதுவே ஒரு பண்டல் முடிஞ்சதும் ரெண்டு நிமிஷம் தோள தளர்த்துங்கன்னா செய்ய முடியும்ல. கை மரத்துப் போச்சு, பலம் குறையுதுன்னா மட்டும் காத்திருக்காம உடனே டாக்டர பாருங்க. வீட்டுல கேக்குறவங்களுக்கு, வலிக்குத்தான் வைத்தியம் பாக்குறேன்னு சொல்லுங்க.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயசு, முட்டி வலி, வெளிய போறதே இல்ல, அழறாங்க. இந்த வயசுல கவுன்சலிங் எதுக்குன்னு அண்ணன் சொல்றான்.
- தர்மபுரி வாசகர்

பதில்: வயசுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லங்க. வலிக்கு பயந்து நடக்காம இருந்தா தசை பலம் குறையும், வலி கூடும், ஆள் இன்னும் முடங்கிடுவாங்க. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல 2021லேர்ந்து வீட்டுக்கே பிசியோ வர்றாங்க, ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க. அப்படியே அம்மா அழறத பத்தியும் அங்க சொல்லுங்க, முட்டிய மட்டும் காட்டிட்டு வந்துடாதீங்க. அண்ணனையும் கூட்டிட்டு போங்க.