மெலட்டூரில் தெலுங்கு எதற்கு?

கேள்வி: மே மாத விடுமுறையில் குடும்பத்தோடு மெலட்டூர் பாகவத மேளா பார்க்கப் போனோம். பாட்டு, வசனம் எல்லாமே தெலுங்கு. ஒன்றும் ஒட்டவில்லை, நள்ளிரவில் கிளம்பிவிட்டோம். தஞ்சாவூர் ஜில்லாவில் தெலுங்கு நாடகம் எதற்கு? தமிழில் போட்டால் நம்முடையது என்று தோன்றுமே?
- ஒரு வாசகர், கோவை

பதில்: நள்ளிரவிலேயே கிளம்பிவிட்டீர்களா? அப்படியானால் நீங்கள் பார்த்தது கோணங்கி என்னும் கோமாளி குதித்ததையும், பிள்ளையார் முகம் கட்டிய சிறுவன் வந்து போனதையும், இரணியன் தன் பெருமையைத் தானே பாடி ஆடியதையும்தான். தூண் பிளக்க விடியற்காலை ஆகிவிடும். நரசிம்மரின் முகமூடி கோயிலில் பூஜையில் இருப்பது, அதைக் கட்டிக்கொள்பவர் விரதம் இருந்துதான் கட்டுவார், கட்டியபின் ஆவேசம் வந்து நிஜமாகவே இரணியன் மேல் பாய்ந்துவிடுவாரோ என்று ஆட்கள் பின்னாலிருந்து இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் அவர் என்ன பாஷையில் உறுமுகிறார் என்று யாரும் விசாரிப்பதில்லை. பிரகலாதன் கதை தெரியாத ஆள் நம் ஊரில் உண்டா என்ன?

சரி, தெலுங்குக்கு வருகிறேன். நாயக்கர் காலத்தில் தஞ்சை அரண்மனையின் இலக்கிய பாஷை தெலுங்கு. அச்சுதப்ப நாயக்கர் பிராமணக் குடும்பங்களுக்குத் தானமாகக் கொடுத்த ஊர் என்பதால் மெலட்டூருக்கு அச்சுதபுரம் என்றும் ஒரு பெயர். 510 குடும்பங்கள் என்பது வழிவழியாகச் சொல்லும் கணக்கு. பின்னால் அதே ஊரில் வெங்கடராம சாஸ்திரி எழுதிய நாடகங்கள்தான் பிரகலாத சரித்திரம், அரிச்சந்திரா, மார்க்கண்டேயா, உஷா பரிணயம் எல்லாம். காவிரித் தண்ணீர் குடித்து, தஞ்சாவூர் அரிசிச் சோறு சாப்பிட்டு எழுதிய தெலுங்கு அது, ஆந்திராவிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வந்த சரக்கு இல்லை. திருவையாற்றில் இருந்துகொண்டு தியாகராஜர் பாடியதும் தெலுங்குதானே, தை மாத ஆராதனையில் 'எந்தரோ மகானுபாவுலு' பாடும்போது தமிழ் மண்ணில் இது எதற்கு என்று நீங்கள் எழுந்து போனீர்களா? வானொலியில் கேட்டுப் பழகியதால் அது நம்முடையது, விடிய விடிய உட்கார முடியாததால் இது வேற்று ஊர்க்காரருடையது. நியாயம்தான்!

இன்னொன்று. மேடையில் நீங்கள் பார்த்தவர்கள் தொழில்முறை நடிகர்கள் இல்லை. பலர் வெளியூரில் உத்தியோகம் பார்ப்பவர்கள், நரசிம்ம ஜெயந்திக்கு லீவு போட்டுவிட்டு ஊருக்கு வந்து, அப்பா கட்டிய வேஷத்தையோ மாமா கட்டிய வேஷத்தையோ கட்டுகிறவர்கள். வரதராஜப் பெருமாள் பார்க்க ஆடுவது அவர்களுக்கு வேண்டுதல் மாதிரி. டிக்கெட் வாங்கிய ரசிகனுக்குப் புரிய வேண்டும் என்ற கவலை அங்கே கிடையாது, உங்களுக்காகத் தமிழில் மாற்றச் சொன்னால் சிரிப்பார்கள்.

ஆனால் யாருடையது என்று கேட்கக் கிளம்பினீர்களே, கேட்க வேண்டியதை விட்டுவிட்டீர்கள். அந்த மேடையில் ஏற யாருக்கு உரிமை? வழக்கப்படி பிராமண ஆண்களுக்கு மட்டும். பிரகலாதனின் அம்மா லீலாவதியும் ஆண், அரிச்சந்திரன் மனைவி சந்திரமதியும் ஆண். ஆண் பெண் வேஷம் கட்டுவது பெரிய கலை, அதை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் அபிநயத்தைப் பார்த்து அசந்துபோயிருக்கிறேன். ஆனால் அதே ஊரில் பிறந்து, அதே தருக்களை, அதாவது நாடகப் பாட்டுகளை, சின்ன வயசிலிருந்து கேட்டு, வரி விடாமல் முணுமுணுக்கிற பெண்களுக்கு இடம் கீழே பாயில்தான். ஊரின் மற்ற சாதிக்காரர்களுக்கும் அவ்வளவுதான். இந்தக் கலைக்கு வெளியுலகில் பேர் வாங்கித் தந்தவர்களில் ஒருவரான இ.கிருஷ்ண ஐயர், தேவதாசிப் பெண்கள் ஆடிவந்த சதிர் நடனத்துக்கு இருந்த அவப்பெயரைப் போக்கத் தானே பெண் வேஷம் கட்டி ஆடியவர். சதிர் பரதநாட்டியமாகி சபா மேடைகளுக்குப் போனது. அதைத் தலைமுறை தலைமுறையாக ஆடிவந்த பெண்களில் பெரும்பாலோர் மேடையை விட்டே போனார்கள், 1947-ல் தேவதாசி ஒழிப்புச் சட்டமும் வந்தது. ஒருவர் கலை இன்னொருவருடையதாக மாறும் வித்தையெல்லாம் அதே காவிரிக்கரையில் நடந்திருக்கிறது, அதற்கு மொழி ஒருநாளும் குறுக்கே நின்றதில்லை.

அடுத்த வருஷம் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு, மதியமே நன்றாகத் தூங்கிவிட்டுப் போங்கள். தஞ்சாவூரிலிருந்து ரொம்ப தூரமில்லை, 18 கிலோமீட்டர்தான். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டியிடம் கதை கேட்டுக்கொள்ளலாம், தமிழிலேயே சொல்வார். 'இந்த மேடையில் நீங்கள் ஏன் ஏறவில்லை, பாட்டி?' என்றும் அவரிடமே கேட்டுப் பாருங்கள், பதிலை எனக்கு எழுதுங்கள், போடுகிறேன்.