மும்பைக்கு மனு எழுத வேண்டாம், சோஷியல் ஒர்க்கரைப் பாருங்கள்

கேள்வி: கோத்தகிரி பக்கம் எங்கள் ஊர். அம்மா தோட்டத்தில் இலை பறிக்கிறார். கருப்பை வாய்ப் புற்றுநோய், ஐந்து வாரம் கதிர்வீச்சு வேண்டும் என்று கோவையில் சொல்லிவிட்டார்கள். இந்தியன் கேன்சர் சொசைட்டி பணம் தருமாமே, எப்படி மனு போடுவது?

பதில்: தருவார்கள், ஆனால் உங்கள் கையில் தர மாட்டார்கள். 1951-ல் டாக்டர் ஜுசாவாலாவும் நவல் டாட்டாவும் மும்பையில் தொடங்கிய அமைப்பு அது. வசதியில்லாத, குணமாகும் வாய்ப்பு நன்றாக உள்ள நோயாளிகளுக்காக 'கேன்சர் க்யூர் ஃபண்ட்' என்று ஒரு நிதி வைத்திருக்கிறார்கள். அதோடு இணைந்த மருத்துவமனை வழியாகத்தான் விண்ணப்பம் போகும்; பணமும் மருத்துவமனைக்கே வரும். அதனால், உங்கள் மருத்துவமனை அதில் உண்டா என்று அங்கே நோயாளிகளுக்கு உதவி ஏற்பாடு செய்யும் மெடிக்கல் சோஷியல் ஒர்க்கரிடம் கேளுங்கள். சிகிச்சை தொடங்கும் முன்பே கேளுங்கள். நகையை அடகு வைத்துக் கட்டி முடித்த பிறகு ரசீதோடு வருபவர்களுக்கு என்னால் பெரிதாக ஒன்றும் செய்ய முடிந்ததில்லை.

அதைவிடப் பக்கத்தில் இருப்பது முதலமைச்சர் காப்பீடு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. கார்டு இல்லையென்றால் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு ஊட்டி கலெக்டர் ஆபீஸுக்குப் போங்கள். முதலில் இது, போதாததற்கு அறக்கட்டளை.

காப்பீடு பார்க்காத செலவு ஒன்று இருக்கிறது. கதிர்வீச்சு என்றால் வாரம் ஐந்து நாள், அநேகமாக 25 தடவை. கூடவே வாரம் ஒரு கீமோவும் இருக்கலாம். பெரும்பாலும் சிறுநீர்ப்பை நிறைந்திருக்கும்போதுதான் கதிர்வீச்சு வைப்பார்கள். தினமும் மேட்டுப்பாளையம் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி, வாந்தியோடு மறுபடி மலையேறுவது அம்மாவால் ஆகாது. பாதியில் நின்றுவிடுவார். மருந்துப் பணத்தைவிட இதற்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். நடுவில் விட்டால் சிகிச்சையின் பலன் குறையும். எனவே கீழேயே தங்க, குறைந்த வாடகைக்கோ இலவசமாகவோ இடம் உண்டா என்றும் அதே சோஷியல் ஒர்க்கரிடம் கேளுங்கள்.

ஒருவேளை சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு அனுப்பினால், நீலகிரி எக்ஸ்பிரஸில் ஸ்லீப்பரில் அம்மாவுக்குக் கட்டணம் இல்லை, துணைக்குப் போகும் உங்களுக்கு 75 சதவீதம் சலுகை. மருத்துவமனை கையெழுத்திட்ட படிவத்தோடு ரயில்வே கவுண்டரில் எடுங்கள்.

அப்புறம், வீட்டில் 30 வயது தாண்டிய அக்கா, அண்ணி இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கருப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லுங்கள். சில நிமிட வேலைதான்.