வாய் இல்லாத பிள்ளைக்கு வியாபாரம் வருமா?

அன்புள்ள சகோதரிக்கு,

போன வாரம் உங்கள் மகனைக் கூட்டிக்கொண்டு தங்கச்சிமடத்திலிருந்து என்னிடம் தொழில் ஆலோசனை கேட்க வந்தீர்கள். நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே, "சார், இவனுக்கு வாய் கிடையாது. நாலு பேருக்கு முன்னால பேச மாட்டான். இவன் எப்படி வியாபாரம் பண்ணுவான்?" என்றீர்கள். தம்பி தலையைக் குனிந்துகொண்டான். வெளியே ஆட்கள் காத்திருந்ததால் அன்றைக்கு முழுதாகப் பேச முடியவில்லை. அதனால் எழுதி அனுப்புகிறேன். அவனையும் படிக்கச் சொல்லுங்கள்.

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. உங்கள் வீட்டுக்காரர் இருபது வருடமாகக் கடலுக்குப் போகிறவர். டீசல் காசுகூடத் தேறாமல் கரை திரும்பிய நாட்களை நீங்கள்தான் எண்ணியிருப்பீர்கள். ஒரு பிள்ளையாவது மாதம் பிறந்தால் சம்பளம் வாங்கட்டும் என்றுதான் மெக்கானிக்கல் டிப்ளமோ படிக்க வைத்தீர்கள். படித்து முடித்துவிட்டு அவன் கருவாட்டு வியாபாரம் என்று வந்து நின்றால் எந்தத் தாய்க்கும் வயிறு கலங்கத்தான் செய்யும்.

ஆனால் வாய் விஷயத்தில் நீங்கள் நினைப்பது சரியில்லை. ராமநாதபுரத்தில் உட்கார்ந்து பல வருடமாகப் பிள்ளைகளைப் பார்க்கிறேன். மணிக்கணக்கில் பேசத் தெரிந்தவர்கள் கடை திறந்து ஒரே வருடத்தில் மூடியதையும் பார்த்திருக்கிறேன். முதல் சரக்கை விற்க வாய் உதவும். அதே ஆள் இரண்டாம் முறை வந்து வாங்குவதற்குச் சரக்கும் சொன்ன சொல்லும்தான் உதவும்.

அன்றைக்கு நீங்கள் தண்ணீர் குடிக்க எழுந்துபோனபோது தம்பி ஒரு சின்ன நோட்டை எடுத்துக் காட்டினான். கோயம்புத்தூரில் கூடப் படித்த பையன்களின் வீடுகளுக்கு ஆறு மாதமாக நெத்திலிக் கருவாடு அனுப்பியிருக்கிறான். தேதி, எடை, பார்சல் செலவு, வந்த பணம் எல்லாம் பென்சிலில் எழுதியிருந்தது. ஒரு கிலோ பச்சை நெத்திலி காய்ந்தால் கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேலேதான் நிற்கும் என்று அவனே நிறுத்துப் பார்த்துக் குறித்து வைத்திருந்தான். இந்தக் கணக்குத் தெரியாமல், பச்சை மீன் விலையைப் பார்த்துக் கருவாட்டுக்கு விலை வைத்துக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் உண்டு.

அந்த நோட்டில் நவம்பர் மாதப் பக்கத்தில் ஒரு வரி: "பூஞ்சை. திருப்பிக் கொடுத்தது 180." பிறகு விசாரித்தால், அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்ததற்கு நீங்கள் அவனை ஏமாளி என்று திட்டினீர்களாம். அதற்குக் கீழேயே இன்னொரு வரி இருந்தது, பார்த்தீர்களா? "மழை நேரம் மணலில் போடக்கூடாது. பரண்." ஐப்பசி கார்த்திகை மழையில் கருவாடு சரியாகக் காயாது, ஈரம் உள்ளே நின்றால் பூஞ்சை பிடிக்கும் என்பது நம் கரையில் குழந்தைக்கும் தெரியும். ஆனால் தன் காசு 180 ரூபாய் போன பிறகு யார்மீதும் பழி போடாமல், அடுத்த தடவை எதை மாற்றுவது என்று எழுதி வைப்பவர்கள் குறைவு. அவனுக்குத் தொழில் வரும் என்று நான் நினைப்பதற்கு முதல் காரணம் அந்த இரண்டு வரிதான்.

அடுத்தது துணிச்சல். வியாபாரம் என்றால் துணிந்து இறங்க வேண்டும் என்று ஊரில் சொல்வார்கள், பாதிதான் உண்மை. திருவிழாக் கடையில் வளையம் வீசிச் சோப்பு டப்பா ஜெயிக்கிற ஆட்டம் தெரியும்தானே? டேவிட் மெக்லெலண்ட் என்ற அமெரிக்க மனவியல் பேராசிரியர் கிட்டத்தட்ட அதே ஆட்டத்தை ஆராய்ச்சிக்கு வைத்தார். எவ்வளவு தூரத்தில் நின்று வீசுவது என்பது ஆடுபவர் விருப்பம். சாதிக்க வேண்டும் என்ற உந்துதல் அதிகம் உள்ளவர்கள் வளையம் விழ வேண்டிய முளைக்குப் பக்கத்திலும் நிற்கவில்லை, கண்ணுக்கெட்டாத தூரத்திலும் நிற்கவில்லை. கொஞ்சம் கஷ்டம், ஆனால் முயன்றால் விழும் என்கிற நடுத் தூரத்தில் நின்றார்கள். அவரே 1964 வாக்கில் ஆந்திராவின் காக்கிநாடா வியாபாரிகளை ஹைதராபாத்துக்கு வரவழைத்து இந்தக் குணங்களுக்குப் பயிற்சியும் கொடுத்துப் பார்த்தார். பயிற்சி பெற்றவர்கள் பிறகு புதிதாகத் தொழில் தொடங்குவதிலும் விரிவாக்குவதிலும் மற்றவர்களைவிட முன்னே நின்றார்கள். பிறவியிலேயே வர வேண்டிய குணம் என்று நீங்கள் கவலைப்பட வேண்டாம், பழகினாலும் வரும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

இந்த அளவுகோலில் தம்பி எங்கே நிற்கிறான்? பார்சல் அனுப்பியவரை நடுத் தூரத்தில் நின்றான். இப்போது உங்கள் நகையை அடகு வைத்து மூன்று லட்சம் கேட்கிறானே, அங்கேதான் தூரம் போய்விட்டான். நகையைத் தொடாதீர்கள். இதில் நான் உங்கள் பக்கம்.

சரஸ் சரஸ்வதி என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் அனுபவம் முற்றிய 27 தொழில்முனைவோர் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று ஆராய்ந்தார். எவ்வளவு லாபம் வரும் என்பதைவிட, எவ்வளவு போனால் தாங்க முடியும் என்பதைத்தான் அவர்கள் முதலில் கணக்குப் போட்டார்கள். நம் வீட்டு மொழியில் சொன்னால், இந்தக் காசு முழுதும் கடலில் போனாலும் அடுப்பு எரியுமா? எரியும் என்றால் இறங்கலாம்.

இதை நான் 26 வயதில் யோசிக்கவில்லை. கடன் வாங்கி, மண்டபம் ஊரிலிருந்து நண்டு எடுத்து மதுரைக்கு அனுப்பப் போனேன். முதல் மூன்று லோடில் லாபம் வந்ததும் தலைகால் புரியவில்லை. நான்காவது லோடில் வண்டி வழியில் நின்று ஐஸ் கரைந்து, பெட்டியைத் திறந்தபோது வந்த நாற்றம் இன்னும் மூக்கில் இருக்கிறது. முதல் மூன்று லோடு லாபத்தையும் அந்த நான்காவது லோடிலேயே போட்டிருந்தேன். கடனை அடைக்க இரண்டரை வருடம் ஆனது. அப்புறம்தான் இந்த ஆலோசனை வேலைக்கு வந்தேன், சிரிக்காதீர்கள்.

நம் கரையில் கடல்பாசி வளர்த்த பெண்களிடமும் இதைப் பார்க்கலாம். மூங்கில் மிதவையில் கப்பாபைகஸ் பாசியைக் கட்டிவிட்டால் 45 நாளில் அறுவடை, கையில் காசு. நன்றாகத்தான் போனது. 2013-க்குப் பிறகு வெப்பத்திலும் நோயிலும் பாசி அழுகி உற்பத்தி சரிந்தது. அந்த மாதிரிச் சமயத்தில் தாக்குப்பிடிப்பவர், இருந்ததையெல்லாம் மிதவையில் கட்டாமல், வேறு ஒரு வரும்படியையும் கையில் வைத்திருப்பவர்தான். விடாப்பிடி நல்ல குணம்தான். ஆனால் ஒரு பருவம் போனாலும் வீடு நடக்கும் அளவுக்குக் கையிருப்பு இருந்தால்தான் விடாமல் பிடிக்க முடியும்.

இனி, தம்பியிடம் எனக்குப் பிடிக்காத ஒன்று. நோட்டின் கடைசிப் பக்கத்தில் "பாக்கி" என்று ஏழு பெயர் இருந்தது. மொத்தம் 1,140 ரூபாய். ஏன் வாங்கவில்லை என்று கேட்டேன். "கேக்கக் கூச்சமா இருக்கு சார், ஃப்ரெண்ட்ஸ்" என்றான். வாய் இல்லை என்று நீங்கள் பயந்ததில் நியாயம் இருக்கும் இடம் இது ஒன்றுதான். வருகிறவர்களிடமெல்லாம் சிரித்துப் பேச வேண்டியதில்லை. ஆனால் தனக்கு வர வேண்டிய காசை முகம் கோணாமல் கேட்கவும், மாமா மச்சானுக்குக் கடன் இல்லை என்று சொல்லவும் வாய் வேண்டும். நம் பக்கம் கருவாட்டுத் தொழில் பெரும்பாலும் முன்பணத்திலும் கடனிலும்தான் ஓடுகிறது. வியாபாரி படகுக்கு முன்பணம் கொடுப்பார், படகு அவருக்கே மீனைப் போடும். அந்த வலைக்குள் கூச்சப்படுகிற பிள்ளை நுழைந்தால் இரண்டு பக்கமும் இவன் காசுதான் நிற்கும்.

வேலையா தொழிலா என்று நீங்கள் இரண்டாகப் பிரித்துக் கேட்டீர்கள். அப்படிப் பிரிக்கத் தேவையில்லை. அமெரிக்காவில் மிக வேகமாக வளர்ந்த புதிய நிறுவனங்களை ஆராய்ந்தபோது, அவற்றைத் தொடங்கியவர்களின் சராசரி வயது 45 என்று தெரியவந்தது. அதே துறையில் முன்பு வேலை பார்த்தவர்களுக்கு வெற்றி வாய்ப்பும் அதிகமாக இருந்தது. தம்பிக்கு 21. இரண்டு வருடம் மீன் பதனிடும் கம்பெனியிலோ குளிர்பதனக் கிடங்கிலோ வேலை பார்க்கட்டும். டிப்ளமோவுக்கு அங்கே மதிப்பு உண்டு. சரக்கு எங்கே கெடுகிறது, எங்கே காசு கசிகிறது என்பதைச் சம்பளம் வாங்கிக்கொண்டே கற்கலாம். பார்சல் வியாபாரம் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கட்டும்.

அரசு உதவி பற்றிக் கேட்டீர்கள். மாவட்டத் தொழில் மையம் மூலம் 'நீட்ஸ்' என்ற தமிழக அரசின் புதிய தொழில்முனைவோர் திட்டத்தில் 10 லட்சம் ரூபாயிலிருந்து திட்டம் போடலாம், 25 சதவீதம் மானியம். இப்போதைக்கு அது அவனுக்குப் பெரிய சட்டை. மானியம் கையில் வராது, கடன் கணக்கில்தான் போய்ச் சேரும் என்பதையும் நினைவில் வையுங்கள். "மானியம் வாங்கித் தருகிறேன்" என்று முன்பணம் கேட்டு வருகிற தரகரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். உணவுப் பொருள் விற்க எடுக்க வேண்டிய பதிவை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். கருவாடு காயவைக்கும் முறைக்கு, மண்டபத்தில் இருக்கிற மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தில் போய்க் கேட்கச் சொல்லுங்கள். கேட்பதும் ஒரு பழக்கம், அங்கேயே தொடங்கட்டும்.

பணம் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் 20,000 ரூபாய்க்கு மேல் கொடுக்காதீர்கள். அதை வீட்டுச் செலவோடு கலக்காமல் அவன் பெயரில் தனி வங்கிக் கணக்கில் போடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கட்டி நிற்கும். மீன் வரத்துக் குறையும், விலை ஏறும், ஆனால் வெயில் கொளுத்தும். அதற்கு முன்பு எவ்வளவு வாங்கி வைக்கிறான், விலை ஏறும்போது பதறுகிறானா, நாட்டுப்படகு மீனை வைத்துச் சமாளிக்கிறானா என்று பார்ப்போம். நீங்கள் ஒன்றும் சொல்லாமல் பாருங்கள், அதுதான் உங்களுக்குக் கஷ்டம்.

அதற்கு முன்னால் ஒரு வேலை. இந்த மாதம் முடிவதற்குள் அந்த ஏழு பேரில் குறைந்தது மூன்று பேரிடமாவது பாக்கியை வாங்கச் சொல்லுங்கள். போனில் மெசேஜ் போடக்கூடாது, கூப்பிட்டுக் கேட்க வேண்டும். வாங்கியதும் நோட்டில் அடித்துவிட்டு வரட்டும். அடுத்த முறை அவன் மட்டும் தனியாக வந்தால் போதும்.