நுகர்வோர் கேள்வி-பதில்: பாதாமி, பட்டதகல், ஹம்பி சுற்றுலாவுக்குப் பணம் கட்டும் முன்

கேள்வி: நானும் என் கணவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். சாளுக்கியர் கோயில்களையும் ஹம்பியையும் வழிகாட்டியுடன் பார்த்துவர விரும்புகிறோம். ஒரு நிறுவனம் 4 நாள்களில் 22 இடங்களைக் காட்டுவதாகச் சொல்லி நபருக்கு 14,500 ரூபாய் கேட்கிறது. மற்றொன்று 6 நாள்களில் 11 இடங்களுக்கு 23,000 ரூபாய் கேட்கிறது. இரண்டுமே ஹுப்பள்ளியில் தொடங்கி அங்கேயே முடிகின்றன. பாதி இடங்களுக்கு இவ்வளவு கூடுதலாகக் கொடுப்பது நியாயமா? (மதுரை வாசகி)

பதில்: முதலில் ஒரு நாளுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். முதல் நிறுவனத்தில் நாளொன்றுக்கு 3,625 ரூபாயும் இரண்டாவதில் ஏறக்குறைய 3,833 ரூபாயும் வருகின்றன. ஆக, இரண்டாவது நிறுவனம் கூடுதலாகக் கேட்கும் பணத்தின் பெரும்பகுதி கூடுதல் இரண்டு நாள்களுக்கே போகிறது. இடங்களின் எண்ணிக்கையை ஒப்பிடுவதில் பொருளில்லை, ஏனென்றால் எதை ‘ஓர் இடம்’ என்று கணக்கிடுவது என்பது விளம்பரம் எழுதுபவரின் விருப்பத்தைப் பொறுத்தது. பாதாமியின் நான்கு குடைவரைகளும் ஒரே குன்றில், ஒரே படிவரிசையில் இருப்பவை. அவற்றை நான்கு இடங்களாகவும், கீழே உள்ள அகஸ்திய தீர்த்தத்தை ஐந்தாவதாகவும், அதன் கரையில் நிற்கும் பூதநாதர் கோயிலை ஆறாவதாகவும் எழுதிவிட முடியும். ஹம்பியில் தாமரை மகாலும் யானைக் கொட்டாரமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் பட்டியலில் இரண்டு வரிகளைப் பிடித்துக்கொள்ளும்.

இடங்களின் எண்ணிக்கைக்குப் பதிலாக, ஒவ்வோர் இடத்திலும் எத்தனை மணி நேரம் நிற்போம் என்று எழுத்தில் கேளுங்கள். ஹுப்பள்ளியிலிருந்து பாதாமி சுமார் 110 கிலோமீட்டர். பாதாமியிலிருந்து பட்டதகல் 22 கிலோமீட்டர், அங்கிருந்து சாளுக்கியர் கோயில்கள் உள்ள மற்றோர் ஊரான ஐஹொளே மேலும் 14 கிலோமீட்டர் அளவில் இருக்கும். பாதாமியிலிருந்து ஹம்பிக்கு ஏறக்குறைய 150 கிலோமீட்டர் செல்லவேண்டும், ஹம்பியிலிருந்து ஹுப்பள்ளி திரும்புவதற்கும் கிட்டத்தட்ட அதே தொலைவு உண்டு. நான்கு நாள் திட்டத்தில் முதல் நாள் காலையும் கடைசி நாளின் பாதியும் சாலையிலேயே கழியும், மூன்றாம் நாளின் பாதி ஹம்பிக்குப் போவதற்குச் செலவாகும். ஆக, 40 சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்து கிடக்கும் ஹம்பிக்கு ஒரு பிற்பகலும் மறுநாள் காலையில் சில மணி நேரமும்தான் மிஞ்சும். 1336 முதல் 1565 வரை ஒரு பேரரசின் தலைநகராக இருந்த ஊரை அந்த நேரத்துக்குள் பார்க்க முனைந்தால், பெரும்பாலும் வேனின் சன்னல் வழியாகவே பார்க்க நேரும்.

விரைவுத் திட்டங்களில் முதலில் விடுபடுவது எது என்பதையும் சொல்லவேண்டும். ஐஹொளேயில் துர்கை கோயிலையும் லாட்கான் கோயிலையும் எல்லாரும் காட்டுவார்கள். ஆனால் குன்றின்மேல் இருக்கும் மேகுதி சமணக் கோயிலுக்குப் படியேறிச் செல்ல வேண்டும் என்பதால், அதை வண்டியிலிருந்து கைகாட்டிவிட்டு நகர்வது எளிது. சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியின் வெற்றிகளை ரவிகீர்த்தி வடமொழிச் செய்யுளில் பாடிய கி.பி. 634ஆம் ஆண்டுக் கல்வெட்டு அந்தக் கோயிலின் சுவரில்தான் இருக்கிறது. ஹர்ஷரை வென்றதையும் பல்லவர் காஞ்சிக் கோட்டைக்குள் ஒதுங்கியதையும் சொல்லும் அந்தக் கல்லைப் பார்க்காமல் ஐஹொளேயிலிருந்து திரும்புவது, என் கருத்தில், அங்கே போனதன் பாதிப் பயனை இழப்பதாகும்.

தமிழ் வாசகர்களுக்கு இந்தப் பயணத்தில் தனிப்பட்ட ஓர் உறவும் உண்டு. 642ஆம் ஆண்டளவில் பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் வாதாபியை (பாதாமியின் பழைய பெயர்) கைப்பற்றியதற்குச் சான்றாக, பாதாமியின் பாறை ஒன்றில் சிதைந்த பல்லவக் கல்வெட்டு இன்றும் இருக்கிறது. ஒரு நூற்றாண்டுக்குப் பின் சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியை வென்றபோது, கைலாசநாதர் கோயிலின் செல்வத்தை எடுத்துக்கொள்ளாமல் இறைவனுக்கே திருப்பி அளித்ததாகக் கன்னடத்தில் வெட்டிய எழுத்து காஞ்சியிலேயே உள்ளது. அந்த வெற்றியின் நினைவாக அவனுடைய அரசி லோகமாதேவி எழுப்பியதுதான் பட்டதகலின் விரூபாக்ஷர் கோயில். இன்றும் வழிபாடு நடக்கும் அக்கோயிலின் தூண்களில் இராமாயண, பாரதக் காட்சிகள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துவர ஒரு மணி நேரமாவது வேண்டும், ஆனால் பல திட்டங்களில் பட்டதகல் வளாகம் முழுவதற்குமே அவ்வளவுதான் ஒதுக்குகிறார்கள்.

ஆகவே ஆறு நாள் திட்டமே உங்களுக்கு ஏற்றது என்பேன். ஆனால் மேகுதி குன்றையும், ஹம்பிக்கு இரண்டு முழு நாள்களையும், பட்டதகலில் குறைந்தது இரண்டு மணி நேரத்தையும் பயணத் திட்டத்தில் எழுதித் தந்தால் மட்டுமே முன்பணம் கட்டுங்கள். படியேறச் சிரமம் உண்டென்றால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வெள்ளிக்கிழமைகளில் தொல்லியல் துறை அருங்காட்சியகங்களுக்கு விடுமுறை என்பதால், பாதாமி, ஹம்பியை அடுத்த கமலாபுரம் அருங்காட்சியகங்கள் எந்தக் கிழமையில் வருகின்றன என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ‘தமிழ் பேசும் வழிகாட்டி உடன் வருவார்’ என்று விளம்பரத்தில் இருக்கிறது. அவர் உண்மையிலேயே தகுதி பெற்றவரா என்று எப்படி அறிவது? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: உடன் வருபவர் டூர் மேனேஜரா, வழிகாட்டியா என்று நேரடியாகக் கேளுங்கள். அறை, உணவு, வண்டி ஆகியவற்றைக் கவனிப்பவர் மேனேஜர். அவர் தமிழ் பேசுவது பெரிய வசதிதான், ஆனால் அவர் சாளுக்கியச் சிற்பத்தை விளக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பல விளம்பரங்கள் இந்த இருவரையும் ஒருவராகக் காட்டி, உரிமம் பெற்ற உள்ளூர் வழிகாட்டிக்குரிய கூலியை மிச்சப்படுத்துகின்றன.

1959ஆம் ஆண்டின் தொல்லியல் சின்னங்கள் விதிகளின்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்துக்குள் பணம் பெற்றுக்கொண்டு பார்வையாளர்களை அழைத்துச் சென்று காட்ட, தொல்லியல் அதிகாரியின் உரிமம் வேண்டும். ஆகவே ‘எந்தெந்த ஊரில் உரிமம் பெற்ற வழிகாட்டி வருவார், எத்தனை மணி நேரம் இருப்பார், எந்த மொழியில் பேசுவார், அவருடைய கூலி இந்தத் தொகையில் அடக்கமா’ என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ பெற்றுக்கொள்ளுங்கள். இப்பகுதியில் கன்னடம், இந்தி, ஆங்கிலம் பேசுவோர் எளிதில் கிடைப்பார்கள், தமிழில் விளக்குவோர் கிடைப்பது அரிது. ஆங்கிலத்தில் விளக்கும் உள்ளூர் வழிகாட்டியும் அதைத் தமிழில் எடுத்துச் சொல்லும் மேனேஜரும் இருந்தால் அது நல்ல ஏற்பாடு. குழுவின் அளவையும் கேளுங்கள். பாதாமியின் முதலாம் குடைவரையின் வெளிப்பாறையில் இருக்கும் பதினெட்டுக் கை நடராசர் முன்னே நாற்பது பேர் கூடி நின்றால், பின்வரிசையில் இருப்பவருக்கு வழிகாட்டியின் குரல் கேட்காது. பதினைந்து பேர் வரை இருந்தால் நிறைவாகக் கேட்கலாம்.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். ஹம்பி விட்டலர் கோயிலின் இசைத்தூண்களைத் தட்டிக்காட்டத் தடை இருக்கிறது. ‘தட்டிக் காட்டுவோம்’ என்று பெருமையாகச் சொல்லும் எவரையும் நம்பவேண்டாம், தட்டித் தட்டியே தேய்ந்த தூண்கள் அவை.

கேள்வி: ‘அனைத்து நுழைவுக் கட்டணங்களும் இலவசம்’ என்ற அறிவிப்பைப் பார்த்து இணையத்தில் பதிவு செய்யத் தொடங்கினேன். பணம் கட்டும் கட்டத்தில் வரி, சேவைக் கட்டணம், நான் கேட்காத காப்பீடு எல்லாம் சேர்ந்து தொகை கூடிவிட்டது. ‘இன்னும் 2 இருக்கைகளே’ என்ற எச்சரிக்கையும் ஓடிக்கொண்டிருந்தது. இது சரிதானா? (சென்னை வாசகர்)

பதில்: அந்த ‘இலவசம்’ எவ்வளவு பெறும் என்று முதலில் பார்ப்போம். தொல்லியல் துறையின் இப்போதைய கட்டணம் இந்தியருக்கு ஹம்பியிலும் பட்டதகலிலும் 40 ரூபாய், பாதாமி குடைவரைகளிலும் ஐஹொளே துர்கை கோயில் வளாகத்திலும் 25 ரூபாய். 15 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கட்டணமே கிடையாது. ஹம்பியில் ஒரே சீட்டு விட்டலர் கோயிலுக்கும் அந்தப்புர வளாகத்துக்கும் அதே நாளில் செல்லும், மறுநாள் போனால் மறுபடி வாங்கவேண்டும். எப்படிக் கூட்டினாலும் நபருக்கு 200 ரூபாயைத் தாண்டாத ஒன்றை இலவசமாகத் தந்துவிட்டு, ஆயிரக்கணக்கில் வரக்கூடிய வழிகாட்டிக் கூலியையும் ஓட்டுநர் பேட்டாவையும் தனியாக வைத்திருக்கிறார்களா என்பதையே நீங்கள் பார்க்கவேண்டும்.

மற்றவற்றைப் பொறுத்தவரை சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் 13 வகையான ஏமாற்று இணைய உத்திகளைத் தடை செய்கின்றன. கேட்காததைக் கூடையில் சேர்ப்பது, விலையைப் படிப்படியாக வெளிக்காட்டுவது, பொய்யான அவசரத்தை உண்டாக்குவது ஆகிய மூன்றும் அவற்றில் அடங்கும். பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யுங்கள். சுற்றுலா நிறுவனங்கள் வழக்கமாக வசூலிக்கும் ஜிஎஸ்டி 5 சதவீதம் என்பதால், சொன்ன விலையில் அது அடக்கமா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: நான் யாழ்ப்பாணத்தில் வசிக்கிறேன், இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருக்கிறேன். வெளிநாட்டவர் என்பதால் ஒவ்வொரு நுழைவுக்கும் 600 ரூபாய் கூடுதலாகத் தரவேண்டும் என்கிறார்கள்.

பதில்: தரவேண்டியதில்லை. சார்க் (தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பு), பிம்ஸ்டெக் (வங்காள விரிகுடா நாடுகளின் கூட்டமைப்பு) நாடுகளின் குடிமக்களுக்கு இந்தியருக்குரிய கட்டணமே பொருந்தும், இலங்கை இரண்டிலும் உறுப்பு நாடு. சீட்டு வாங்கும் இடத்தில் கடவுச்சீட்டைக் காட்டினால் போதும். உங்களுடன் பிரிட்டன் அல்லது கனடா கடவுச்சீட்டுடன் உறவினர் எவரும் வந்தால், அவருக்கு மட்டும் வெளிநாட்டவர் கட்டணம் பொருந்தும்.

கேள்வி: இவ்வழியிலேயே சென்ற ஆண்டு ஒரு நிறுவனத்துடன் பயணம் போனோம். திட்டத்தில் இருந்த ஐஹொளேயை ‘நேரமாகிவிட்டது’ என்று விட்டுவிட்டார்கள், ஹம்பியில் வழிகாட்டியே வரவில்லை. கேட்டால், ‘திட்டத்தை மாற்ற எங்களுக்கு உரிமை உண்டு, வழக்கு என்றால் பெங்களூரு நீதிமன்றத்தில் மட்டுமே’ என்று ரசீதின் பின்புறத்தைக் காட்டுகிறார்கள். முன்பணம் எக்காரணத்தாலும் திருப்பித் தரப்படாது என்றும் அதில் இருக்கிறது. (திருச்சி வாசகி)

பதில்: அச்சிட்ட வரிகளைப் பார்த்துத் தயங்கவேண்டாம். பாலம் மூழ்கியதாலோ மழையாலோ வழி மாறினால் நிறுவனத்தைக் குறைசொல்ல முடியாது. ஆனால் பணம் பெற்றுக்கொண்டு, வாக்களித்த இடத்தையும் வழிகாட்டியையும் தக்க காரணமின்றித் தராமல் விடுவது, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி சேவைக் குறைபாடு. நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் செய்யலாம் என்று அந்தச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகார்க் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் வைத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம்.

முன்பணத்தைப் பற்றிய நிபந்தனையில் ஒரு நுணுக்கம் உண்டு. இழப்புக்குச் சற்றும் பொருந்தாத தண்டத்தொகையைச் சட்டம் ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்கிறது, ஆனால் அந்த அடிப்படையில் வழக்கிட மாநில ஆணையத்துக்குத்தான் போகவேண்டும். நீங்கள் பயணத்தை ரத்து செய்யவில்லை, சேவைதான் குறைந்தது என்பதால் உங்களுக்கு மாவட்ட ஆணையமே போதுமானது. புதிதாகப் பதிவு செய்வோர், புறப்பாட்டுக்கு எத்தனை நாள் முன் ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்ற அட்டவணையையும், போதிய ஆள் சேராமல் நிறுவனமே ரத்து செய்தால் முழுத் தொகையும் எத்தனை நாளில் திரும்பும் என்பதையும் எழுத்தில் பெறவேண்டும். பணத்தை நிறுவனத்தின் பெயரிலுள்ள கணக்குக்கு மட்டுமே அனுப்பவேண்டும். தனியொருவரின் கைப்பேசி எண்ணுக்கு அனுப்பினால், அதை நிறுவனம்தான் பெற்றது என்று மெய்ப்பிக்கும் சுமை உங்கள் தலையில் விழும்.

இப்போது நீங்கள் செய்யவேண்டியது, பயணத் திட்டம், ரசீது, வாட்ஸ்அப் உரையாடல்கள், அன்று எடுத்த நேரக்குறிப்புள்ள படங்கள் ஆகியவற்றைத் தொகுத்து, நிறுவனத்துக்கு விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அறிவிப்பு அனுப்பி, பதிலுக்கு 15 நாள் அவகாசம் தருவது. விடுபட்ட நாளின் விகிதப்படி எவ்வளவு திரும்ப வேண்டும் என்று தொகையைக் குறிப்பிட்டே எழுதுங்கள். உடன் பயணித்தவர்கள் ஓரிருவரின் கையெழுத்திட்ட வாக்குமூலமும் பெரிதும் உதவும். புகார் செய்ய இரண்டு ஆண்டுகள் வரை காலம் உண்டு. இதற்கிடையில் அவர்கள் அடுத்த பயணத்துக்குத் தள்ளுபடிக் கூப்பன் கொடுத்து, ‘எல்லாக் கோரிக்கைகளும் தீர்ந்தன’ என்ற தாளில் கையெழுத்துக் கேட்டால், அதில் ஒப்பமிடாதீர்கள்.